மாணிக்கம் மாமாவின் நேர்க்கோடு

"இவ்வளவு படிச்சிட்டு கடைசியில ஒண்ணுக்கு அளக்கிற வேலையா? அதுக்கு ஒரு வாளி போதுமே லா!"

நான் சிறுநீர்ப் பரிசோதனை அறைக்கு மாற்றலாகிப் போகும் செய்தியைக் கேட்டதும் என் தாய்மாமா சொன்ன வாழ்த்து இது. தம்போய் என்ற ஊரில் கார் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போனவர். அப்பா நான்காம் வகுப்பு. நான் தாதியர் கல்லூரியில் வாங்கிய சான்றிதழை அப்பா சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி, சட்டத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பொட்டு புதுப்பிக்கப்படும். அப்படிப்பட்ட சான்றிதழை ஒரு வாளியோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அப்பாவுக்கும் உள்ளுக்குள் கூச்சம்தான். மகள் எங்கே வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "தண்ணி சம்பந்தப்பட்ட டிபார்ட்மெண்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். அதன் பலனாக, எங்கள் ஊர் கூலாயில் குழாய்த் தண்ணீர் நிற்கும் போதெல்லாம் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் எனக்கு ஃபோன் செய்து எப்போது வரும் என்று கேட்பார்கள். இரண்டொரு முறை விளக்கிச் சொன்னேன். பிறகு, "சாயந்தரத்துக்குள்ள வந்துரும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பெரும்பாலும் வந்துவிடும்.

பதினோரு ஆண்டுகள் அந்த அறையில் இருந்தேன். போன மாதம் வேலையை விட்டேன். முப்பத்து நான்கு வயதில் பணிக்கால நினைவுகள் எழுத உட்காருவது சற்று அதிகப்படிதான். ஆனால் அறைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. முடிவை அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடுமாம். என்னுடன் வேலை செய்த இளைய தாதி திவ்யா, பிரிவு விருந்தில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, இனிமே எல்லாம் மெஷினே பார்த்துக்கும். நீங்க அந்தக் காலத்துக் கதையெல்லாம் எழுதி வச்சிட்டுப் போங்க" என்றாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்ததை.

கல்லூரியில் என்ன கற்றேன் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படுக்கையை மூலை மடித்து விரிக்கவும், ஊசி போடவும், பெரிய டாக்டர்கள் வரும்போது வழிவிடவும் கற்றேன். சிறுநீரைப் பற்றி அரை நாள் பாடம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

மீதியெல்லாம் அறையில் கற்றதுதான். சிறுநீர்ப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. நிறையும்போது விரிந்து கொடுக்கும். நேரம் வந்ததும் சுருங்கி வெளியே தள்ளும். வயதானவர் ஒருவர் வந்து, "சொட்டுச் சொட்டாத்தான் வருது, போனாலும் போன மாதிரி இல்ல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆணாக இருந்தால் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட புராஸ்டேட் என்று சொல்லிவிடுவார். இருக்கலாம். அந்தச் சுரப்பி வீங்கி வாசலை இறுக்கியிருக்கலாம். அல்லது வாசல் திறந்தேதான் இருக்கிறது, தள்ளுகிற தசைதான் ஓய்ந்துபோயிருக்கிறது என்றும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலை வெட்டி அகலப்படுத்தினால் முதல் வகை ஆளுக்கு விடிவு. இரண்டாம் வகை ஆளுக்குப் பெரும்பாலும் வெட்டியதுதான் மிச்சம்.

எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் அறையின் வேலை. நடுவில் ஓட்டையுள்ள ஒரு நாற்காலி. அதன் கீழே புனல். புனலின் கீழே, விழுவதை நொடிக்கு நொடி நிறுக்கும் தட்டு. நோயாளிக்கு இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்று சிறுநீர்ப்பைக்குள். மற்றொன்று பின்பக்கம் மலக்குடலுக்குள், நுனியில் சுண்டுவிரல் நகம் அளவு பலூனோடு. முதல் குழாய் வழியாக உப்புநீரை மெதுவாக ஏற்றுவோம். திரையில் மூன்று கோடுகள் ஓடும். மேல் கோடு பையின் அழுத்தம். நடுக்கோடு வயிற்றின் அழுத்தம். அதைத்தான் பின்பக்கக் குழாய் சொல்லும். கடைசிக் கோடு, முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது. ஏன் கழிக்க வேண்டும்? ஆள் மூச்சைப் பிடித்து முக்கினால் வயிறு இறுகி மேல் கோடும் ஏறும். அது பையின் பலம் இல்லை, முக்கலின் பலம். முக்கலைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தசையின் சொந்த பலம்.

இரண்டு குழாய்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரே வழி, இருமச் சொல்வது. இருமினால் மேல் கோடும் நடுக்கோடும் ஒரே நேரத்தில் ஒரே அளவு குதிக்க வேண்டும். தொடக்கத்தில் இருமல், இடையிடையே இருமல், சிறுநீர் கழிக்கும் முன் ஒன்று, கழித்து முடித்த பின் ஒன்று.

இந்த இருமல் விஷயத்தில் என் மேலதிகாரி டாக்டர் ஹலிமாவுக்கு நிகர் யாரும் இல்லை. உருண்டையான உருவம், தாழ்ந்த குரல். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு தட்டில் கூய் லாப்பிஸ் இருக்கும், அடுக்கடுக்காக வண்ணம் கொண்ட மலாய்ப் பலகாரம். அதை ஒவ்வொரு அடுக்காக உரித்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே வரைபடத்தைப் பார்ப்பார். நாங்கள் எழுதிய முடிவைப் படிக்கவே மாட்டார். மரத்தாலான அடிக்கோலை எடுத்துக் கடைசிக் கோட்டை மறைத்து வைப்பார். மேலே உள்ள இரண்டு கோடுகளில் விரலை ஓட்டிக்கொண்டே போவார். விரல் எங்காவது நின்றால் கேள்வி வரும். "பாத்தோக் எங்கே?" பாத்தோக் என்றால் மலாயில் இருமல். ஒருமுறை நோயாளி இருமுவதற்குப் பதில் சிரித்துவிட்டார், அதுவும் இரண்டு கோட்டையும் சமமாகத் தூக்கியது, போதாதா என்று கேட்டேன். "சிரிப்பு வேறு, பாத்தோக் வேறு" என்று சொல்லித் திரும்ப எடுக்க வைத்தார்.

அவர் கோபமாக இருப்பதை ஒன்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பலகாரத் தட்டை நம் பக்கம் நகர்த்தி, "மாக்கான்" என்பார். சாப்பிடு என்று அர்த்தம். அந்த அன்பான சொல்லைக் கேட்டு அழுதுகொண்டே வெளியே போன பயிற்சி டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகள் மட்டும் சும்மாவா? பரிசோதனைக்கு முன்பு மூன்று நாள், எந்த நேரத்தில் எவ்வளவு கழித்தார்கள் என்று வீட்டில் எழுதி வரச் சொல்லி அளவுக் கோப்பையும் ஒரு தாளும் கொடுப்போம். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் அச்சடித்தாற்போல் எழுதி வந்தார். மூன்று நாளும், எல்லா வேளையும், இருநூறு மில்லி. எப்படி ஐயா இவ்வளவு கச்சிதமாக என்று கேட்டேன். "கப்புல இருநூறுக்குத்தானே கோடு பெருசா போட்டிருக்கு. அது வரைக்கும் போய்ட்டு நிறுத்திட்டேன்." மிச்சத்தை என்ன செய்தீர்கள்? "அடக்கிக்கிட்டேன். ரூல்னா ரூல்தான், மிஸ்ஸி." தாதியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனி மாணிக்கம் மாமாவின் கதைக்கு வருகிறேன்; இவர் பட்டறை மாமா இல்லை, என்னிடம் வந்த ஒரு நோயாளி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. கூலாயிலிருந்து சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சில ஆண்டுகளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்கிறார், கழிவறை கண்ணில் படாத இடத்துக்குப் போவதே இல்லை. அவரோடு வேலை செய்த பழைய ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் ஒரு பஸ் பிடித்துப் பினாங்குக்குக் கோயில் பயணம் போவார்கள். இரண்டு ஆண்டுகளாக இவர் போகவில்லை. "எல்லாத்தையும் வெட்டி எடுத்துருங்க டாக்டர், நான் பஸ்ஸுல போவணும்" என்பதுதான் அவருடைய ஒரே கோரிக்கை. அவர் மனைவி ராஜம்மாவின் கோரிக்கையும் அதுவே, இன்னும் உரத்த குரலில்.

அறையில் அவரும் நானும்தான். இரண்டு குழாய்களையும் பொருத்தி, ஒட்டுத்தாள் ஒட்டி, நாற்காலியில் உட்கார வைத்தேன். முதல் இருமலில் இரண்டு கோடுகளும் அழகாகக் குதித்தன. தண்ணீர் ஏறத் தொடங்கியது. அப்போது அவர் கேட்டார்:

"எந்த ஊரும்மா நீ?"

"கூலாய், அங்கிள்."

"கூலாய்ல எங்க? எஸ்டேட்டா, தாமானா?"

"முன்னாடி எஸ்டேட். இப்ப தாமான்."

"அப்பா பேரு?"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களில் எவரும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டதில்லை. எனக்கும் அப்பா பெயரைச் சொல்வதில் ஒரு பெருமை. வெள்ளைச் சீருடையில், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, சுப்பிரமணியத்தின் மகள் என்று சொல்லக் கிடைக்கும் வாய்ப்பை நான் விடுவதில்லை.

"சுப்பிரமணியம். சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய்ட்டு வந்தாரு."

"எந்த சுப்பிரமணியம்? குடையை பஸ்ஸுலயே விட்டுட்டுப் போவானே, அவனா?"

"அவரேதான்."

"அலமாக்! நம்ம சுப்பிரமணியம் மகளா நீ! பதினஞ்சு வருஷம் என் பஸ்ஸுல வந்தான்மா உங்கப்பன். உன் சடங்குக்குக்கூட வந்தேனே! ஆட்டுக்கறி பிரட்டல் போட்டாங்க. ரெண்டு தரம் வாங்கித் தின்னேன்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. தான் எந்தக் கோலத்தில், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "இன்னொரு போர்வை இருக்குமாம்மா?" என்றார். கொடுத்தேன். முடிவெட்டும் கடையில் போர்த்துவதுபோலக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். நானும் அங்கிள் என்பதை விட்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது தோன்றுகிறதா, இப்போது தோன்றுகிறதா என்று கேட்டேன். அவருக்குத் தோன்றவே இல்லை.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. இருபத்தாறு வருஷம் சிங்கப்பூர் பாலத்துல ஜாம்ல உக்காந்தவன் நான். மூணு மணி நேரம் பஸ் நகராது. பொம்பளப் பிள்ளைங்க நாப்பது பேரு பின்னாடி. நான் எறங்கிப் போவ முடியுமா? அடக்குவேன். மத்த ட்ரைவருங்க பாட்டில் வச்சிருப்பானுங்க. நான் வச்சதே இல்ல."

கடைசியில் இருமச் சொல்லிப் பார்த்தேன், கோடுகள் சரியாகக் குதித்தன; கழிக்க வேண்டிய நேரம் வந்தது. என்னுடைய சடங்குச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்ட ஒரு பெரிய மனிதர். அவர் சிறுநீர் கழிப்பதை நான் எப்படி நின்று பார்ப்பது? "மாமா, நீங்க போங்க. நான் பார்க்கல" என்று சொல்லி, திரைக்கும் அவருக்கும் முதுகைக் காட்டிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். இயந்திரம்தான் பதிவு செய்கிறதே. சுவரில் கை கழுவும் முறை பற்றிய சுவரொட்டி இருந்தது. ஏழு படிகள். அவற்றை ஒன்பது முறை படித்தேன். பின்னால் பஸ் முதல் கியரில் மேடு ஏறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. முடிந்ததும் திரும்பினேன். அவர் முகம் சிவந்திருந்தது. இன்னும் ஒரு இருமல் கேட்க வேண்டும். பாவமாக இருந்தது. "போதும் மாமா" என்றேன்.

வரைபடம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. கழித்த நேரம் முழுக்க நடுக்கோடு அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் நேராகப் போயிற்று. பையின் அழுத்தம் உயரம், ஓட்டம் குறைவு. வாசல் அடைப்புக்குப் பாடநூல் உதாரணம். என் முத்து முத்தான கையெழுத்தில் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டேன். டாக்டர் ஹலிமா அந்த மாதம் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதில் வந்திருந்த அறுவை மருத்துவர் முடிவு வரியை மட்டும் படித்தார். தேதி குறிக்கப்பட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு மதியம் கூலாயில் ஒரு கல்யாணம். அப்பாவும் மாணிக்கம் மாமாவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாயசக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போனேன்.

"வாம்மா, வா. உன்னைப் பத்தித்தான் உங்கப்பன்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். செவ்வாக்கிழமை ஆபரேசன். எல்லாம் இவ கைராசிடா, சுப்பிரமணியம்."

"நல்லாப் படிச்ச பிள்ளை" என்றார் அப்பா, மேசையில் இருந்த மற்ற ஆறு பேரையும் பார்த்து.

"ஆனா நானும் லேசுப்பட்டவன் இல்ல" என்று மாணிக்கம் மாமா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே பக்கத்து மேசை வரை கேட்டது. "பிள்ளைக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு நானே அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன். பின்னாடி ஒரு ட்யூப் வச்சாங்களா? நான் போக ஆரம்பிச்சதுமே நழுவிருச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட அதை எப்படிடா வாயத் தொறந்து சொல்றது? மெதுவா கைய விட்டு எடுத்து, தொடைக்கடியில வச்சு கெட்டியா அமுக்கிட்டேன். கடைசி வரைக்கும் ஆடல, அசையல. இருபத்தாறு வருஷம் க்ளட்ச் மிதிச்ச காலு!"

மேசையே சிரித்தது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் பாயசக் கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்தேன்.

அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேராக மருத்துவமனைக்குக் காரை ஓட்டினேன். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. வாசலில் காவலாளி எழுந்து நின்று, கல்யாணமா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டேன்.

மாமாவின் ஃபைலை எடுத்து வரைபடத்தைப் பிரித்தேன். அந்த அழகான நடுக்கோடு. உயிருள்ள மனிதனின் வயிற்றுக்கோடு மூச்சுக்கு மூச்சு நடுங்கும். இது நடுங்கவே இல்லை. குழாய் கீழே விழுந்திருந்தால் கோடு தொப்பென்று இறங்கியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்கும். அவர் தொடையால் அமுக்கிப் பிடித்ததால் பலூனில் ஓர் அழுத்தம் இருந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துப் பெருமைப்பட்டது அவருடைய தொடையை. கழிக்க வேண்டிய வயிற்றழுத்தத்தைக் கழிக்காததால், அவர் முக்கிய முக்கல் முழுவதும் தசையின் பலமாகக் கணக்காகியிருந்தது. தசையில் பலம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. நாளை மறுநாள் அவரை வெட்டப் போகிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். என் மேசை நாற்காலியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து வேறு மாதிரியும் யோசித்தேன். சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு டாக்டர் ஹலிமாவின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவர் மறுநாள்தான் வேலைக்குத் திரும்புகிறார். குழாய் நழுவியது கல்யாண மேசைக்கு மட்டும்தான் தெரியும், அவர்களுக்கு அது நகைச்சுவை. உண்மையிலேயே அடைப்பும் இருக்கலாமே. இருக்கலாம். அந்த இருக்கலாமை எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் அது இருக்கிறது ஆகவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு டாக்டர் ஹலிமாவின் மேசைமுன் நின்றேன். கூய் லாப்பிஸின் மேல் அடுக்கை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சடங்கு, ஆட்டுக்கறி, சுவரொட்டி, க்ளட்ச், எல்லாம். மலாயில் சடங்கை விளக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அடிக்கோலை எடுத்துக் கடைசிக் கோட்டை மறைத்தார். விரல் மெதுவாக ஓடிக் கடைசியில் நின்றது.

"பாத்தோக் எங்கே?"

"கேட்கவில்லை, டாக்டர்."

"ஏன்?"

"அவர் என் அப்பாவின் நண்பர்."

தட்டு என் பக்கம் நகர்ந்தது. "மாக்கான்."

சாப்பிட்டேன். நான்கு அடுக்கு. ஒன்றும் ருசிக்கவில்லை. அவர் ஃபோனை எடுத்து மறுநாள் பட்டியலில் இருந்து ஒரு பெயரை நிறுத்தி வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "இன்றைக்கே வரச் சொல். நீதான் மறுபடியும் எடுக்கிறாய்" என்றார்.

மாணிக்கம் மாமா வார்டில் சேரத் தயாராகவே வந்தார். தலையணை, ஃபிளாஸ்க், சாமி படம், மூன்று சாரோங். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் பேசியது ராஜம்மா ஆன்ட்டி.

"தொடைக்கடியில அமுக்கினீங்களா? வீட்டுல எதையாவது இறுக்கிப் பிடிங்கன்னா கைய நழுவ விடுவீங்க. அங்க போய்ப் பிடிச்சீங்களாக்கும்!"

"பிள்ளைக்குச் சங்கடம்னுதான..."

"உங்க சங்கடத்துக்கு வயித்துல கத்தி வைக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "வேற ஆளு இல்லையாம்மா? ஆம்பள யாராச்சும்?"

"ஒருத்தர் இருக்காரு மாமா. ரெண்டு வாரம் லீவு. வேணும்னா அதுவரைக்கும் காத்திருக்கலாம், தப்பே இல்ல." பிறகு, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அப்போதாவது சொன்னேன்: "ஆனா தப்பு என்னுது. நான் அன்னிக்குச் சுப்பிரமணியம் மகளா நின்னேன். மிஸ்ஸியா நிக்கல. இன்னிக்கு நிப்பேன். நீங்க சரின்னா."

அவர் ஃபிளாஸ்க்கை ராஜம்மா ஆன்ட்டியிடம் கொடுத்தார். பிறகு எழுந்தார். "சரிங்க, மிஸ்ஸி. எங்க உக்காரணும்னு சொல்லுங்க."

என் சடங்குக்கு வந்து சாப்பிட்ட மனிதர், நீ என்று கூப்பிட உரிமை உள்ளவர், அந்த நாற்பது நிமிடமும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசினார். ஒரு கேள்விகூட ஊரைப் பற்றி இல்லை. இருமச் சொன்ன போதெல்லாம் இருமினார். ஒருமுறை, "மிஸ்ஸி, பின்னாடி லேசா நழுவுற மாதிரி இருக்குங்க" என்றார், கண்களை இறுக மூடிக்கொண்டு. சரி செய்தேன். கழிக்கும் நேரத்தில் நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அவரையும் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தேன்.

பஸ் முதல் கியரில் மேடு ஏறியது. மேல் கோடு ஏறியது. நடுக்கோடும் கூடவே ஏறியது. மேல் கோட்டிலிருந்து நடுக்கோட்டைக் கழித்ததும் கடைசிக் கோட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது. வாசலில் இறுக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. தசைதான் ஓய்ந்திருந்தது.

டாக்டர் ஹலிமா அவருக்கு விளக்க நான் மொழிபெயர்த்தேன். அறுவை இல்லை என்றதும் மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே ஆபரேசன்னு. தலையணை வேற எடுத்தாந்துட்டேன்."

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டார். வயது, பல ஆண்டுச் சர்க்கரை நோய், நரம்பு, நெடுங்காலம் அடக்கியது என்று பலவும் சேர்ந்திருக்கலாம், இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மற்றவை எதுவும் மாமாவின் காதில் விழவில்லை. "பாலந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார், சற்றுப் பெருமையோடு. "நாப்பது பொம்பளப் பிள்ளைங்களுக்காக."

மாற்று வழி இருந்தது. மெல்லிய குழாய் ஒன்றைத் தானே உள்ளே விட்டுப் பையைக் காலி செய்துகொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை. கேட்டதும் எழுந்து போகப் பார்த்தார். ராஜம்மா ஆன்ட்டி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிளாஸ்டிக் பொம்மையில் முதலில் காட்டினேன். பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். ஆனால் மூன்றாம் நாள் அவருக்குள் இருந்த ஓட்டுநர் விழித்துக்கொண்டார். அட்டையில் கால அட்டவணை ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். காலை ஆறேகால் முதல் சர்வீஸ், பன்னிரண்டரை, ஆறு, பத்தரை கடைசி சர்வீஸ். கீழே சிவப்பு மையில்: தாமதம் கூடாது. இரவில் எழுந்திருப்பது ஒன்றாகக் குறைந்தது. அந்த ஆண்டு பினாங்கு பஸ்ஸில் அவரும் போனார். ஓய்வு நிறுத்தங்களில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஓட்டுநருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே போனாராம். திரும்பி வந்ததும் எனக்கு ஜாதிக்காய் ஊறுகாய் கொடுத்தார். அப்போது மறுபடி "நீ" ஆகிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது வேறு. தவறு நடந்ததற்கான படிவம் மூன்று பிரதி, முத்து முத்தான என் கையெழுத்திலேயே. ஒரு மாதம் தனியாகப் பரிசோதனை செய்யத் தடை. பரிந்துரைக் கடிதம் அந்த ஆண்டு இல்லை. "அடுத்த வருஷம் கேள்" என்றார் டாக்டர் ஹலிமா, தட்டைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு. கேட்டேன். கொடுத்தார். இரண்டே வரி. "வேலை தெரிந்தவர். சொல்ல வேண்டியதைச் சொல்வார்." அந்தக் கடிதத்தில் பயிற்சி முடித்தேன். அந்தப் பயிற்சியால்தான் இப்போது புது வேலை. பரிசோதனை அறைகளுக்கு வரும் புதுத் தாதிகளுக்குக் கற்றுக் கொடுக்கும் வேலை. புது இயந்திரம் முடிவை எவ்வளவு வேகமாக அச்சடித்தாலும், அமுக்கிப் பிடித்த தொடையை அதுவும் வயிறு என்றுதான் நம்பும்.

கற்றுக் கொடுக்கப் போகும் முன்பு ஒன்று செய்தேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன், நான் ஒரு முறையும் உட்கார்ந்ததில்லை. டாக்டர் ஹலிமாவிடம் அனுமதி கேட்டு, வேலையை விட்ட மறுவாரம் நோயாளியாகப் போனேன். திவ்யாதான் எடுத்தாள். இரண்டு குழாய்களையும் வைத்து ஒட்டுத்தாள் ஒட்டினாள். கழிக்கும் நேரம் வந்ததும், "அக்கா, நீங்க போங்க, நான் பார்க்கல" என்று சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் பின்பக்கக் குழாய் நழுவியது எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் வாய் திறக்கவில்லை. என் கை தானாகப் போர்வைக்கடியில் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, "திவ்யா, திரும்பு. குழாய் நழுவிருச்சு" என்றேன்.

வரைபடத்தில் பிறகு எண்ணிப் பார்த்தேன். நடுக்கோடு இறங்கியதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையில் பத்தொன்பது நொடி. போன திங்கள் முதல் வகுப்பு. அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டி, பத்தொன்பது நொடியையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். மேலே நோயாளியின் பெயரை மறைப்பது வழக்கம். நான் மறைக்கவில்லை.